பத்து, இரண்டு, ஆறு

அத்தியாயம் 8

"என்னைக் காப்பாத்த வேண்டாம் சார். அவனுக்கு வலிக்கணும். அது உங்களால முடியுமா, முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

சொன்னவள் தலையை நிமிர்த்தவில்லை. இடது கையில் சிறு இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, பயறு அளவு பேட்டரி ஒன்றைக் காது மெஷினுக்குள் பொருத்திக்கொண்டிருந்தாள். வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் மாவுக்கட்டுக்குள் இருந்தன. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறை அது. ஊராரின் கண்ணைக் கடையின் முன்பக்கம் கவனித்துக்கொண்டது. காதைப் பின்னறையில் இவள் கவனித்தாள்.

மீட்டர் உடனே பதில் சொல்லவில்லை. கேட்டவுடன் பதில் சொல்வது துப்பறிவாளர் பதவிக்கு இழுக்கு என்பது அவர் கொள்கை. இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறித்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே 'தனியார் புலனாய்வு மையம் – தலைமையகம்' என்று போர்டு மாட்டிவிட்டார். தலைமையகத்துக்குக் கிளை எதுவும் கிடையாது. ஆட்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் அவர். இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி ஒட்டடை. ஆறடி இரண்டங்குலம் வளர்ந்தும் அதில் சதை என்று எதுவும் ஒட்டாமல் போனதால் வந்த பெயர்.

ஒட்டடை முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவன். அந்த வேலையை ஏன் விட்டான் என்று கேட்டால், "சைரன் சத்தம் தாங்கல. இங்க வந்தா மாமா" என்பான்.

இப்போது அவன் பார்வை அந்த மாவுக்கட்டிலேயே இருந்தது. எத்தனையோ முறிந்த எலும்புகளை வண்டியில் ஏற்றியவன்தான். ஆனால் ஒரு மனிதன் தன் மனைவியின் விரல்களை மேஜை இழுப்பறைக்குள் வைத்து நிதானமாக மூடினான் என்று கேட்டதிலிருந்து அவனுக்கு ஜோக் சரியாக வரவில்லை. இருந்தும் முயன்றுகொண்டிருந்தான்.

அந்த மனிதன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவன். அடுத்தவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொள்ளும் தொழில். குடும்பத்தையும் அவன் அப்படித்தான் ஓட்டினான். இரண்டு மாதத்துக்கு முன்பு இவள் வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். முதலில் ஒளிந்த இடத்துக்கு ஒன்பதாம் நாள் வந்து நின்றான். இரண்டாவது இடத்துக்குப் பதினோராம் நாள் வந்தான், அன்றுதான் இழுப்பறை. 'ஐநூறு அடிக்குள் நெருங்கக் கூடாது' என்று கோர்ட் உத்தரவு போட்டது. இது மூன்றாவது இடம். வந்து பதினெட்டு நாள்.

"நேத்து தெருமுனை டீக்கடையில ஒரு ஆள் விசாரிச்சிருக்கான்" என்றாள். "காது மெஷின் ரிப்பேர் பண்ற கடை எதுன்னு. டீக்கடைக்காரர் நல்லவர், தெரியாதுன்னுட்டார். ஏரியா அவனுக்குத் தெரிஞ்சு போச்சு சார். கதவுதான் பாக்கி. இந்தத் தொழில் செய்யறவங்க எத்தனை பேர் இருப்பாங்க? நாலு கடை கேட்டா நான் இருப்பேன்."

"அது எப்படி முடியும்?" என்றார் மீட்டர். "நான் சொன்ன பட்டன் போனைத்தானே வச்சிருக்கீங்க?"

அந்த யோசனை அவருடையது. ஸ்மார்ட் போனைத் தூக்கிப் போடச் சொன்னவர் அவர்தான். 'பட்டன் போனுக்கு அறிவு கிடையாது. அறிவில்லாதவனை எவனும் ஒற்றனா வைக்க மாட்டான்' என்று பொன்மொழி வேறு. அன்றைக்கே ஒட்டடை, "அப்போ என்னை ஏன் மாமா வேலைக்கு வச்சிருக்கீங்க?" என்று கேட்டிருந்தான்.

"அதைத்தான் வச்சிருக்கேன். மணி ஆறாகப் போகுது. பேசாம இருங்க."

அவள் பட்டன் போனை எடுத்து மேஜையில் ஒரு சின்ன ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள். காது மெஷினுக்குள் என்ன கேட்கிறது என்று வெளியே கேட்டுப் பார்ப்பதற்காக அவள் வைத்திருக்கும் சோதனை ஸ்பீக்கர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்ந்தது.

டிட்டி டிட்டி டிட்டி டர்ர்ர்.

ஸ்பீக்கர் ஒருமுறை பல்லைக் கடித்துவிட்டு அடங்கியது. போனின் திரை இருட்டாகவே இருந்தது. ஒட்டடை அதை எடுத்து அழுத்திப் பார்த்தான். தவறிய அழைப்பு இல்லை. செய்தி இல்லை.

"போன் டவரோட பேசுற சத்தம் இது" என்றாள். "எந்தக் காது மெஷின்காரிக்கும் தெரியும், இது எங்களுக்குத் தலைவலி. போன் வந்தா சத்தம் வரும், மெசேஜ் வந்தா வரும். ஒண்ணுமே வராம ஏன் வருது?"

பேட்டரி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள். பதினேழு நாள் கணக்கு. தேதி, நேரம், எதிரே ஒரு கோடு. காலை பத்து. பிற்பகல் இரண்டு. மாலை ஆறு.

மீட்டரின் முகம் மலர்ந்தது. எழுதப்பட்ட ரீடிங்கைப் பார்த்தால் அவருக்குச் சொந்த ஊரைப் பார்த்த மாதிரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"போன் தானாவே அப்பப்போ டவருக்கு வணக்கம் சொல்லும்ல மாமா?" என்றான் ஒட்டடை.

"சொல்லும். ஆனா அது போனை ஆன் பண்ணின நேரத்துல இருந்து கணக்கு. நீங்க இதை எப்பவாவது ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்கீங்களாம்மா?"

"வேணும்னே தினமும் வேற வேற நேரத்துல பண்ணிப் பார்த்தேன். இது மாறவே இல்ல."

மீட்டர் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். "இருட்டுல ஒரு வீட்டுல நாய் இருக்கா இல்லையான்னு தெரியணும்னா என்ன பண்ணுவான்? ஒரு கல்லை விட்டெறிவான். குரைச்சா இருக்கு. இதுவும் அப்படித்தான். ஒரு மெசேஜ் வருது. திரையில வராது, மணி அடிக்காது. உங்க போன் மட்டும் 'வந்துச்சு ஐயா'ன்னு குரைக்கும். அது உங்க காதுல விழாது, டவர் காதுல விழும். எந்த டவர் கேட்டுச்சோ, அந்த வட்டாரத்துல நீங்க இருக்கீங்க."

"அறிவில்லாதவனை எவனும் ஒற்றனா வைக்க மாட்டான்" என்றான் ஒட்டடை, கூரையைப் பார்த்து.

மீட்டர் அதைக் கேட்காத மாதிரி இருந்தார். அவர் விரல் அட்டையில் ஓரிடத்தில் நின்றது. "இதென்னம்மா, ரெண்டு நாள் கோடே இல்ல?"

"அன்னைக்கு சத்தம் வரல சார். ரெண்டும் ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை டிரைவிங் ஸ்கூல் லீவு போலிருக்கு" என்றான் ஒட்டடை.

"இல்லண்ணே. அன்னைக்குத்தான் அங்க கூட்டமே."

மீட்டர் அட்டையை மேஜையில் வைத்துத் தட்டினார்.

"புருஷனோட சந்தேகத்துக்கு ஏதும்மா லீவு? அவன் ஞாயித்துக்கிழமை ஒரு தடவை கூடுதலாத்தான் எறிவான். வாரத்துல ஒருநாள் லீவு விடுறது ஆபீஸ். கல்லை எறியுறது உங்க புருஷன் இல்ல. அவனுக்காக வேற யாரோ எறியுறாங்க, ஞாயித்துக்கிழமை தவிர. இந்த நம்பர் யார் யாருக்குத் தெரியும்?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணுவதற்கு நல்ல விரல்கள் போதுமானவையாக இருந்தன. வக்கீல். கடை முதலாளியம்மா. பிறகு, "கைப்பேசிக் கவசப் பேரவை" என்றாள்.

"அது யாரு?"

"பின்தொடர்ந்து தொல்லை பண்றவங்ககிட்டே இருந்து பெண்களோட நம்பரைக் காப்பாத்துற அமைப்பு சார். புகார் கொடுக்கப் போனப்போ போலீஸ் ஸ்டேஷன்லயே நோட்டீஸ் கொடுத்தாங்க."

"சரி, அதையும் சேர்த்துக்கலாம்" என்றார் மீட்டர். மேஜையில் சோதனை ஸ்பீக்கர் மூன்று இருந்ததுதான் காரணம்.

வழி எளிமையானது. மூன்று புது பட்டன் போன், மூன்று புது எண். 'என் நம்பர் மாறிவிட்டது' என்று மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு எண்ணைக் கொடுப்பது. பழைய போனை அணைத்துவிடுவது. பிறகு எந்த ஸ்பீக்கர் பல்லைக் கடிக்கிறது என்று பார்ப்பது. அதுவரை அவள் இரவில் மீட்டர் வீட்டில், ஒட்டடையின் அக்காவோடு. அந்த வீட்டுக்குள் அந்த அக்காவைத் தாண்டி வர எவனுக்கும் தைரியம் கிடையாது, மீட்டருக்கே அவ்வப்போதுதான் உண்டு.

வியாழக்கிழமை ஒட்டடை மூன்று இடத்துக்கும் போனான். வக்கீல் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வாய்தாவுக்கு நாள் கேட்டார். முதலாளியம்மாவிடம் எண்ணைச் சொல்ல மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. காது மெஷின் விற்கிற அவர், தன் காதில் அதை மாட்டினால் வயசாகிவிட்டதாக வாடிக்கையாளர்கள் நினைப்பார்கள் என்று மாட்டுவதில்லை.

"ஏழா, எட்டா?" என்று முதலாளியம்மா தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். "சரி சரி, கத்தாதே. ரகசியம்னு சொல்றே, இப்படிக் கத்துறே."

நம்பரைக் கசியவிடுவது இவர்தான் என்று ஒட்டடை அப்போதே முடிவு கட்டினான். மீட்டரின் சந்தேகம் வக்கீல் மேல். இருவரும் ஆளுக்கு ஒரு டீ பந்தயம் வைத்தார்கள்.

பேரவை அலுவலகத்தில் சுவர் தெரியவில்லை. நான்கு பக்கமும் தலைவரின் படங்கள். தலைவர் விளக்கேற்றுகிறார், தலைவர் கேடயம் கொடுக்கிறார், தலைவர் கேடயம் வாங்குகிறார். ஒரு படத்தில் தலைவர் தலைவருக்கே கொடுப்பது போலவும் இருந்தது. உண்மையான தலைவர் அவற்றின் நடுவே உட்கார்ந்து, மூன்றாக மடித்த விசிட்டிங் கார்டை நீட்டினார். ஒட்டடை அதை விரித்துப் பார்த்துவிட்டுப் பழையபடி மடிக்கத் தெரியாமல் தவித்தான்.

"உன் எண், உன் உரிமை. இதுதான் தம்பி நம்ம கொள்கை" என்றார் தலைவர்.

"அப்புறம் எதுக்கு சார் எங்ககிட்டே நம்பரை வாங்கிக்கிறீங்க?"

"யாருக்கும் கொடுக்கக் கூடாத நம்பர் எதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சாத்தானே, கொடுக்காம இருக்க முடியும்?"

ஒட்டடைக்கு வாழ்க்கையில் இரண்டாவது முறையாகப் பதில் கிடைக்கவில்லை. முதல் முறை அக்காவிடம்.

வெள்ளிக்கிழமை காலை. மூன்று போன், மூன்று ஸ்பீக்கர். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு துண்டுக் காகிதம். வக்கீல், முதலாளியம்மா, பேரவை. மீட்டர் வக்கீலின் ஸ்பீக்கருக்கு நேராக நாற்காலி போட்டிருந்தார். ஒட்டடை முதலாளியம்மாவுடையதைப் பார்த்துக் குனிந்திருந்தான். மூன்றாவதன் எதிரே யாரும் இல்லை.

பத்து மணி.

வக்கீல் பேசவில்லை. முதலாளியம்மா பேசவில்லை. முன்கடையில் அவரே நேரில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார், அது கணக்கில் சேராது.

டிட்டி டிட்டி டிட்டி டர்ர்ர்.

மூன்றாவது ஸ்பீக்கர்.

நாலு மணி நேரம் கழித்து, இரண்டுக்கு, மறுபடியும் அதே ஸ்பீக்கர்தான்.

"பேரவையா?" என்றார் மீட்டர். "அவங்களுக்கு உங்க புருஷனை எப்படித் தெரியும்? யாருன்னே தெரியாத ஆளுக்கு எப்படி விப்பாங்க?"

அவள் மூன்றாவது ஸ்பீக்கரை அணைத்தாள். குரல் தட்டையாக இருந்தது.

"படிவம் இருக்கு சார். என் பேர், என் நம்பர். அதுக்குக் கீழே ஒரு கட்டம். 'உங்களைப் பின்தொடர்பவர் யார்? அவர் பெயர், தொழில், தொலைபேசி எண்.' நான் எல்லாத்தையும் எழுதினேன். கையெழுத்து நல்லா இருக்குன்னு அங்க ஒரு பொண்ணு பாராட்டினா."

சரக்கை ஒப்படைக்க வந்தவளே, வாங்குகிறவனின் விலாசத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"ஒவ்வொரு தடவை வீடு மாறினப்பவும், பெட்டியைக் கூடப் பிரிக்காம, முதல் வேலையா அங்க போய்ப் புது நம்பரைக் கொடுத்தேன். பாதுகாப்புக்கு. ரசீது கொடுத்தாங்க." கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "என் விரலை உடைக்க நானே ரசீது வாங்கிட்டு வந்திருக்கேன் சார்."

"உங்க உறுப்பினர் எண் என்னம்மா?" என்றான் ஒட்டடை மெதுவாக.

"நாலாயிரத்து இருபத்தாறு."

மீட்டர் கண்ணாடியைக் கழற்றினார். நாலாயிரத்து இருபத்தைந்து பெண்கள் இவளுக்கு முன்னால் அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள். 'தலைமையகம்' என்று போர்டு மாட்டியதில் அவருக்கு முதல்முறையாகக் கூச்சம் வந்திருக்க வேண்டும்.

"இப்பவே போலீசுக்குப் போவோம்" என்றார்.

"போனா? தொழில்நுட்பக் கோளாறும்பான். நாலு நாள்ல மெஷினை மாத்திடுவான். என் புருஷன், எனக்கு எதுவுமே தெரியாதும்பான்." அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். "நாளைக்குப் பேரவையோட ஆண்டு விழா. அழைப்பு வந்திருக்கு. அந்த மண்டபம் தரைக்குக் கீழே இருக்கு சார். வெளி டவர் எதுவும் உள்ளே எடுக்காது, மண்டபத்துக்குன்னே தனியா ஒரு குட்டி ஆன்டெனா. எனக்கு எப்படித் தெரியும்னா, போன வருஷம் அங்க காது கேக்காதவங்களுக்கு சவுண்ட் லைன் போட்டுக் கொடுத்தது நான்தான். அந்த போன் அங்க குரைச்சா, ஏரியா வராது. மண்டபமே வரும்."

ஒட்டடைக்கு அப்போதுதான் புரிந்தது. இவள் அவனுக்குக் கதவையே காட்டப் போகிறாள்.

"அவன் வந்துடுவான்மா" என்றான்.

"வரட்டும்ணே. ரெண்டு தடவை அவன் வர்ற நேரம் எனக்குத் தெரியாம வந்தான். இந்தத் தடவை தெரிஞ்சு வரட்டும்."

சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கே ஒட்டடை மண்டபத்துக்குள் இருந்தான். சவுண்ட் ஆட்களுக்கு அவளைத் தெரியும். அவள் அனுப்பிய ஆள் என்றதும் கையில் ஒரு வயர் சுருளைக் கொடுத்து ஏணியில் ஏற்றிவிட்டார்கள். "உங்களுக்கு ஏணி வேணுமா அண்ணே?" என்று ஒருவன் கேட்டான். அந்த ஜோக்கைத் தானே சொல்லியிருக்கலாமே என்று ஒட்டடைக்கு வருத்தமாக இருந்தது. இறங்கியதும் முதல் காரியமாக, பேச்சாளர் மேடைப் பெட்டிக்குள் மைக் வயரை ஒட்டி அந்தப் பட்டன் போனைச் செருகினான். மண்டபச் சத்தத்தை அடக்கிவைத்திருந்ததால் இரண்டு மணிக் கல் யாருக்கும் கேட்காமல் விழுந்தது.

மூன்றரைக்கு அவள் புருஷன் வந்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்து ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்தான். வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. இல்லாத பிரேக்கை மிதிக்கிற கால்.

விழா தொடங்கியது. சிறப்பு விருந்தினர் ஒரு பெண் காவல் அதிகாரி. ஸ்டேஷனில் நோட்டீஸ் கொடுக்க உத்தரவிட்டவர் அவர்தான், அதற்காக அவருக்குக் கேடயம். தலைவரை அறிமுகப்படுத்தவே இருபது நிமிஷம் ஆனது. பதினான்கு பட்டங்களைச் சொல்லி, கடைசியாக 'அடக்கத்தின் திருவுருவம்' என்று முடித்தார்கள். அடக்கத்தின் திருவுருவம் எழுந்து, கைதட்டல் ஓயும்வரை இரண்டு கையையும் உயர்த்தி நின்றது. ஓயத் தொடங்கியபோது இன்னும் கொஞ்சம் உயர்த்தியது.

மீட்டர் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் அவள், மடியில் கட்டுப் போட்ட கை. ஒட்டடை சவுண்ட் மேஜையில், குமிழைத் திருகி ஸ்பீக்கரை முழுசாகத் திறந்துவிட்டான்.

"தாய்மார்களே," என்றார் தலைவர், "உங்கள் கைப்பேசி உங்களுக்குத் தெரியாமல் ஒருவரோடும் பேசாது. அதற்கு நானே உத்தர—"

டிட்டி டிட்டி டிட்டி டர்ர்ர்ர்.

எட்டு பெரிய ஸ்பீக்கர்கள் ஒன்றாகப் பல்லைக் கடித்தன. காதைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் சிரித்தார்.

"தயவுசெய்து போனை அணைத்து வையுங்கள். யாருக்கோ அழைப்பு வருகிறது."

எல்லாரும் தங்கள் போனைப் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் வரவில்லை. அந்தக் குழப்பத்தில் அவள் எழுந்து மேடைக்கு நடந்தாள். பேச்சாளர் பெட்டிக்குள் கைவிட்டுப் பட்டன் போனை எடுத்தாள், மற்றொரு கையால் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மன்னிச்சிடுங்க, என்னோட போன். இங்க வச்சது மறந்துபோச்சு" என்றாள். "தலைவருக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். என் புருஷன் ரெண்டு மாசமா என்னைத் தேடுறார். பேரவை என்னைக் காப்பாத்திடுச்சு. இன்னைக்கு வரைக்கும் நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியாது."

தலைவர் பெருமையோடு தலையசைத்தார். பெண் அதிகாரி கைதட்டினார். மண்டபமும் தட்டியது.

"முதல்ல ரெண்டு தடவை கண்டுபிடிச்சார். அது குருட்டு அதிர்ஷ்டம். அவருக்கு அவ்வளவுதான் புத்தி." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "மத்தவங்க வண்டி ஓட்டும்போது பக்கத்துல உட்கார்ந்து பிரேக் போடத் தெரியும். சொந்தமா ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாது. பாவம்."

மண்டபத்தில் பெண்கள் சிரித்தார்கள். நல்ல வாய்விட்ட சிரிப்பு. கடைசி வரிசையில் அந்தக் கால் தரையிலிருந்து எழுந்ததை ஒட்டடை பார்த்தான்.

"எனக்குத் தெரியும்டி."

நடுவழியில் வந்துகொண்டிருந்தான். கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

"எனக்கா தெரியாது? பத்துக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு, ஆறுக்கு ஒண்ணு. நீ எந்தப் பொந்துல இருக்கேன்னு எனக்கு வந்துக்கிட்டே இருக்கு. இப்பக்கூட வந்துச்சு, இந்த மண்டபம்னு." மேடை ஓரம் வந்து தலைவரை நிமிர்ந்து பார்த்தான். "என்னய்யா இது? என்கிட்டே சந்தாவை வாங்கிட்டு, இவளைக் கூட்டிவந்து என்னைக் கேலி பண்ண விடறீங்க?"

"யார் இந்த ஆள்? எனக்குத் தெரியாது" என்றார் தலைவர். மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது.

அது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளருக்கே உரிய நியாயமான கோபத்தோடு, அவன் நேராகக் காவல் அதிகாரியிடம் போய் போனை நீட்டினான். "நீங்களே பாருங்க மேடம். ஆறு மணி ஒரு நிமிஷம். என் சந்தாதாரர் எண் போட்டிருக்கு. பேரவைன்னு போட்டிருக்கு. தெரியாதாம்."

அதிகாரி வாங்கிப் படித்தார். மேலே தள்ளிப் படித்தார். இன்னும் மேலே தள்ளினார். மடியிலிருந்த கேடயத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

"மேடம்," என்றான் ஒட்டடை, சவுண்ட் மேஜையிலிருந்து மேடைக்கு நாலே எட்டில் வந்து. "ஐநூறு அடி தள்ளி நிக்கணும்னு இவர் மேல கோர்ட் உத்தரவு இருக்கு. நான் அளந்தேன். பதினொண்ணு."

அப்போதுதான் புருஷன் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தான். திரும்பினான். வழியை மீட்டர் அடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பெண்கள், வரிசை வரிசையாக எழுந்து.

"இது ஒரு சிறு தொழில்நுட்பக் கோளாறு" என்று தலைவர் ஆரம்பித்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண், "அந்தக் கட்டத்துல நானும் எழுதினேனே" என்றாள், யாரிடமும் இல்லாமல். பக்கத்திலிருந்தவள் தன் போனைத் திருப்பி, மூடியைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கினாள். 'டக்' என்றது. இன்னொரு டக். பிறகு மண்டபம் முழுவதும், மழை பிடிக்கிற மாதிரி. அந்தச் சத்தத்தில் தலைவரின் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை.

கீழே, அதிகாரியோடு வந்த இரண்டு காவலர்களுக்கு நடுவில் நின்று, அவன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் மேடையிலிருந்து இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். கட்டுப் போட்ட கையை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"தேடினியே, இதோ இருக்கேன்" என்றாள். "நல்லா பார்த்துக்கோ."

தலைவர் அடுத்த வாரமும் உள்ளேயே இருந்தார். அவருடைய விசிட்டிங் கார்டில் புதிதாகக் கைதி எண் ஒன்றையும் சேர்க்கலாம் என்று ஒட்டடை யோசனை சொன்னான். புருஷனுக்கு மட்டும், விரல் வழக்கு முடியும்வரை, நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டக் கூடாது. போனை அணைக்கவே கூடாது. எங்கே இருக்கிறான் என்று காவல் நிலையம் நாள்தோறும் பார்த்துக்கொள்ளும்.

அதைச் சொல்லப் பெண் அதிகாரியே கண்ணாடிக் கடைக்கு வந்தார். நோட்டீஸ் கொடுத்தவர் அல்லவா, கண்ணைப் பார்த்துப் பேசச் சங்கடப்பட்டார். மீட்டரும் ஒட்டடையும் பின்னறையில் இருந்தார்கள். பந்தயத்தில் இருவருமே தோற்றதால் டீயை முதலாளியம்மா வாங்கிக் கொடுத்திருந்தார்.

"உங்களுக்குத் திருப்தியா இருக்கணும்" என்றார் அதிகாரி. "எத்தனை மணிக்கு அவன் இடத்தைப் பார்க்கணும்னு சொல்லுங்க, அப்படியே எழுதிடறேன்."

அவள் ஒரு காது மெஷினின் மூடியை இடது கையால் அழுத்தி மூடினாள். கட்டைவிரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"பத்து, ரெண்டு, ஆறு."

அதிகாரி எழுதிக்கொண்டார். பேனாவை மூடப் போனவரை அவள் நிறுத்தினாள்.

"மேடம், ஞாயித்துக்கிழமை லீவு விட்டுடாதீங்க."